சிகாகோவுக்கு எந்தத் திசை

அந்தத் திரையை மட்டும் மாற்றிவிடுங்கள் அக்கா. சினிமா, சமையல், எதை வேண்டுமானாலும் வையுங்கள், அந்த வரைபடம் வேண்டாம். குட்டி விமானம் ஒன்று பனிக்கு மேலே நகர்வதும், இன்னும் இத்தனை கிலோமீட்டர், இன்னும் இத்தனை மணி நேரம் என்று கீழே ஓடுவதும். பயமெல்லாம் இல்லை. எனக்கு எதற்குப் பயம்? கான்வென்டில் படித்தவள் நான். விமானம் எப்படிப் பறக்கிறது என்று பரீட்சையில் படம் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். கிலோமீட்டரும் மணி நேரமும் பார்த்தால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது, அதுதான்.

அது என்ன சத்தம்? இறக்கை அப்படி ஆடலாமா? ஆடலாமா. சரி. சும்மாதான் கேட்டேன்.

நீங்கள் கேட்டது சாதாரணக் கேள்விதான். "கூட்டிட்டுப் போக வீட்டுக்காரர் வந்திருவார்ல?" குழந்தையோடு தனியாக வருகிறவளை யாரும் கேட்பதுதான். நான் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது மரியாதைக் குறைவு இல்லை. எனக்கே தெரியாது அக்கா. அவர் வந்து நின்றால், நான் அனுப்பிய மெசேஜை விளையாட்டு என்று நினைத்துவிட்டார் என்று அர்த்தம். வரவில்லையென்றால் என் பேச்சை நம்பிவிட்டார் என்று அர்த்தம். ஆனால் நானும் இந்தக் கைக்குழந்தையும் சிகாகோவில் நடுத்தெருவில். இப்படி ஓர் ஏற்பாட்டைத் தோஹாவில் நானே என் கையால் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். இவள் தூங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம். தூங்கிவிட்டாளா? ஆமாம், தூங்கிவிட்டாள்தான். மூச்சு வருகிறது, பார்த்துவிட்டேன். நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்.

என் வீட்டுக்காரர் பெயர் குற்றாலநாதன். ஆபீஸில் நேதன். முன்பாதியைப் பாளையங்கோட்டையிலேயே விட்டுவிட்டார், லக்கேஜ் அதிகம் என்று. பெண் பார்க்க வந்த அன்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள், ஐந்து நிமிடம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள் என்று. என்ன பேசுவது? "சிகாகோ ரொம்பத் தூரமா?" என்று கேட்டேன். ஒரு பெண் அப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் அக்கா? அம்மாவை விட்டுவிட்டு வருகிறேனே, அடிக்கடி கூட்டிக்கொண்டு வருவீர்களா என்றுதானே. அவர் போனை எடுத்தார்.

"சென்னை ஏர்போர்ட்ல இருந்து பதிமூணாயிரத்து எழுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர். நேர்கோட்டில. ஆனா நேர்கோட்டில யாரும் போறதில்ல. தோஹா வழின்னா இன்னும் ஆயிரம் கூட வரும்."

"ஓ," என்றேன்.

"இருபத்திரண்டு மணி நேரம்தான்."

அந்தத் 'தான்' இருக்கிறதே, அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருந்தார். அப்புறம் போய்விட்டார். விசா வந்ததும் நான் போவதாகப் பேச்சு. விசா வருவதற்கு முன்னால் இவள் வந்துவிட்டாள். தினமும் போனில் பேசுவார், குறை சொல்லக்கூடாது. ஆனால் "சாப்பிட்டியா" என்று கேட்க மாட்டார். "அங்க இப்ப ஒன்பது மணி, சாப்பிட்டிருப்ப" என்பார். "வாந்தி இருக்கா" என்று கேட்க மாட்டார். "நாலாவது மாசம் முடிஞ்சிட்டு, வாந்தி நின்னிருக்கும்" என்பார். நான் அப்போது வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "ஆமாம் அத்தான், நின்னுட்டு" என்று சொல்லி போனை வைத்துவிட்டு மறுபடியும் குனிவேன். கணக்கோடு போய் வாதாட முடியுமா?

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பனிக்குடத்தில் தண்ணீர் குறைவு, குழந்தையின் துடிப்பு ஏறி இறங்குகிறது என்று டாக்டர் அம்மாவுக்கு முகம் சரியில்லை. "வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டார். அத்தை, என் மாமியார்தான், அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து என் தலைமாட்டில் பிடித்தார்கள். "ஏலே, புறப்பட்டு வாலே. இவ முகத்தைப் பாக்க முடியல," என்றார்கள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டுகிற சத்தம். நான் வலியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அம்மா, இப்ப கிளம்பினாலும் தோஹா, சென்னை, அங்க இருந்து தூத்துக்குடி, ஒன்றரை நாள் ஆயிரும். முதல் பிரசவத்துக்கு சராசரி அதுல பாதிகூட ஆகாது. நான் வந்து சேரும்போது பாப்பா பொறந்து தூங்கிட்டு இருக்கும். வந்து என்ன செய்ய?"

வந்து என்ன செய்ய. அதே வார்த்தை.

வடிவு, இதோ இவள்தான், அவள் அப்பாவைப் போல இல்லை. சராசரி என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு ராத்திரி படுத்திவிட்டு, மூன்றாவது நாள் விடிந்த பிறகு வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். அவர் அப்போதே கிளம்பியிருந்தால் வந்து சேர்ந்து, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டு, கேன்டீன் காபி சரியில்லை என்று குறையும் சொல்லிவிட்டு நின்றிருக்கலாம். ஆபரேஷனுக்குக் கையெழுத்து என் அம்மா போட்டாள். ஏதோ பிள்ளையார் சுழி மாதிரி ஒன்று. வீடியோவில் குழந்தையைக் காட்டியபோது அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? எத்தனை கிலோ.

நான் அதை மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. அன்றே மறந்துவிட்டேன். சும்மா, பேச்சு வந்ததால் சொன்னேன்.

ஒரு வழியாக விசா வந்தது. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டார். அத்தை காலண்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமை மேக்கே சூலம். அமெரிக்கா மேக்கேதான இருக்கு?"

உங்கள் வீட்டில் சூலம் பார்ப்பார்களா? இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் பயணம் ஆகாது. போயே தீரவேண்டுமென்றால் அதற்கென்று ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். மேற்குக்கு வெல்லம், வடக்குக்குப் பால். எங்கள் வீட்டில் கடைத்தெருவுக்குப் போவதற்கே பார்ப்பார்கள், அமெரிக்காவை விடுவார்களா? நேதன் சார் போனில் பாடம் எடுத்தார்.

"அம்மா, சிகாகோ மேக்கே இல்ல. பூமி உருண்டை. நம்ம வாசல்ல நின்னு பாத்தா அது வடக்கே."

"வடக்கே காசில்ல இருக்கு."

"காசியும் தாண்டி, இமயமலையும் தாண்டி, துருவத்துப் பக்கமா ஏறி அந்தப் பக்கம் இறங்கணும். அதுதான் குறைஞ்ச தூரம்."

"ஏறி இறங்க அது என்ன பொதிகை மலையாலே? சரி, வடக்கேன்னே வச்சுக்கிடுவோம். இவ போற தோஹா எங்க இருக்கு?"

"அது... மேக்கே."

"பின்ன? மேக்கே போயி வடக்கே போறான்னு சொல்லு. வெள்ளிக்கிழமை மேக்கே சூலமா இல்லையா?"

அவர் படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. செவ்வாய்க்கு மாற்றட்டுமா என்றார். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். எங்களுக்குச் சென்னையே வடக்கே. கடைசியில் வெள்ளிக்கிழமையே இருக்கட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கு ஒரு அச்சு வெல்லமும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார்கள். திசை எத்தனை இருந்தாலும் எனக்கு வயிறு ஒன்றுதானே? தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட் வருவதற்குள் காரை இரண்டு தடவை நிறுத்தினோம்.

அதுகூடப் பரவாயில்லை. கார் கிளம்ப வேண்டிய நேரம் சரியாக ராகு காலம். அதற்கு அத்தை பரஸ்தானம் வைத்தார்கள். தெரியும்தானே? நல்ல நேரத்தில் நம்மால் கிளம்ப முடியாவிட்டால், நமக்குப் பதிலாக நம் பெட்டியை நல்ல நேரத்தில் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பது. பெட்டி கிளம்பினால் நாமே கிளம்பின மாதிரி. வியாழக்கிழமை காலையில் நல்ல ஹோரையில் என் பெரிய பெட்டியையும் கைப்பையையும் எதிர்வீட்டு பாங்க் மேனேஜர் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். என் தலையெழுத்தையும் அதோடு சேர்த்து வைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் நான் இவளுக்குப் பால் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தால், எதிர்வீடு பூட்டியிருக்கிறது. மேனேஜர் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டார். கடலில் குளிக்கிறார் போல, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

நான் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அத்தை முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "பெட்டி நல்ல நேரத்துல கிளம்பிட்டு நாயகி. அது போதும். பாஸ்போர்ட்டு உன் இடுப்புப் பையிலதான இருக்கு? நீ பின்னால போ."

ஆக, சாஸ்திரப்படி நான் வியாழக்கிழமையே கிளம்பிவிட்டேன். என் சேலை, இவள் கம்பளிச் சட்டை, அவருக்கு இடித்த எள்ளு மிளகாய்ப்பொடி, என் பாங்க் கார்டு, எல்லாம் எதிர்வீட்டில். நல்ல நேரத்தில் பயணம் புறப்பட்டது அந்தப் பெட்டி ஒன்றுதான். அது மட்டும்தான் எங்கும் போகவில்லை.

படிக்காதவர்களோடு இருந்தால் இப்படித்தான். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. என்ன பார்க்கிறீர்கள்? இவள் சட்டைக்குள் குத்தியிருப்பதா? அது அந்தோணியார் மெடல். எங்கள் பள்ளிக்கூடத்து சிஸ்டர் கொலும்பா கொடுத்தது. அது நம்பிக்கை இல்லை அக்கா, அந்த ஊக்கு நல்ல கெட்டி. பக்கத்தில் பொட்டலமாக இருப்பது காந்திமதி அம்மன் குங்குமம். கறுப்புக் கயிறு அத்தை கட்டினது. கழற்றினால் முழித்துக்கொள்வாளே என்று விட்டுவைத்திருக்கிறேன்.

தோஹாவுக்கு வருகிற வரைக்கும் இவள் அழுதாள் பாருங்கள். காது அடைத்து, காலை உதைத்து, மூச்சை இழுத்தால் வெளியே விடமாட்டேன் என்கிறாள், உதடெல்லாம் நிறம் மாறிப்போய். பாலும் குடிக்கவில்லை. முன்சீட்டுக்காரர் எட்டி எட்டிப் பார்க்கிறார், எட்டிப் பார்த்தால் நிற்கும் என்பது போல. இறங்கி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்த விமானம் எவ்வளவு நேரம் என்று பலகையில் போட்டிருந்தான். பதினாலரை மணி நேரம். நாலரைக்கே இப்படி. நடுவில் இவளுக்கு மூச்சு நின்றால் எங்கே இறக்குவார்கள்? கீழே பனி. அதற்கும் கீழே கடல். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் நடுங்கியது. பயம் இல்லை. கோபம். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் நடுங்கும்.

அந்தக் கோபத்தில்தான் தட்டினேன். "நான் பிளேன் ஏறப்போவதில்லை. இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பிள்ளையை நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போங்கள். பதினாலு மணி நேரம்தானே." அனுப்பிவிட்டேன். அங்கே நடுச்சாமம், தூங்கிக்கொண்டிருப்பார். போனை அணைத்துப் பையில் போட்டேன்.

திட்டம் சரியான திட்டம் அக்கா. அவர் எழுந்ததும் கணக்குப் போடுவார். நான் போய் உன்னைக் கூட்டிவர இரண்டு மடங்கு தூரம், நீ அடுத்த பிளைட்டில் வா என்பார். அந்தப் பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகப் பாளையங்கோட்டைக்கே திரும்பிவிடுவது. யார் கேட்டாலும் போனை நீட்டிவிடலாம். பாருங்கள், வரமாட்டேன் என்றது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

அப்போதுதான் மைக்கில் கூப்பிட்டார்கள். என் முழுப்பெயர் ஆவுடைநாயகி. அதை மூன்று துண்டாக வெட்டி, "மிசஸ் ஆவு, டைனா, யாகி" என்று. என் பெயர்தானா என்று யோசிப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கவேண்டும். சிஸ்டர் கொலும்பா வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பதில் சொன்னவர்கள் மத்தியானம் முழுக்க நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். நான் "பிரசன்ட் சிஸ்டர்" என்று வேறு சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த அரபுக்காரர் சுற்றுமுற்றும் கன்னியாஸ்திரீயைத் தேடினார். அதற்குள் யூனிஃபார்ம் போட்ட பெண் ஒருத்தி ஓடிவந்து, "கம், கம்" என்று இவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பிள்ளை முன்னால் போனால் தாய் பின்னால் போகாமல் என்ன செய்வாள்? சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் ஏறவில்லை என்று.

போனை எடுத்து உயிர் கொடுப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஏர்போர்ட் நெட் போய்விட்டது. விமானத்தில் நெட் வேண்டுமென்றால் கார்டு கேட்கிறது, என் கார்டு எதிர்வீட்டில் பயணம் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால்தான் அக்கா, நீங்கள் கேட்டதும் பதில் வரவில்லை. கொஞ்சம் முன்னால் ஜன்னலில் எதிரே ஒரு விமானம் போனதே, நீங்கள்கூடக் காட்டினீர்களே, இவ்வளவு கிட்டத்தில் போகிறது என்று. அதில் அவர் இருந்தால்? நான் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். இருக்க மாட்டார். எங்கே கிளம்பப்போகிறார். கிளம்பாமல் இருந்தால் நல்லது. இல்லை, நல்லது இல்லை. கிளம்பியிருந்தால் நான் எங்கே போவேன்? அவர் வீட்டு விலாசம் எழுதின சீட்டுகூட எதிர்வீட்டில், அந்தக் கைப்பையில்தான் இருக்கிறது. உங்களிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது, உங்கள் வீட்டில் ஓர் ஓரம் இருக்குமா? ஒரு ராத்திரிக்கு. இவள் அழமாட்டாள். அழுவாள், ஆனால் சத்தமாக இல்லை.

ஏன் சாய்கிறது? இறங்குகிறோமா? வடிவு, ஏ வடிவு, எழுந்திரு கண்ணு, பால் குடி. குடித்தால் காது வலிக்காதாம், அந்த ஏர்ஹோஸ்டஸ் சொன்னாள். குடிக்கிறாள். அக்கா, குடிக்கிறாள். கையைக் கொடுங்கள். எனக்கு இல்லை, உங்களுக்குப் பயமாக இருக்குமே என்று கேட்டேன்.

இவ்வளவுதானா? தரையில்தான் ஓடுகிறோமா?

உங்கள் போனிலிருந்து கொஞ்சம் நெட் விடுங்கள். ஒரு நிமிடம். வருகிறது. அத்தை மெசேஜ், மறுபடியும் அத்தை, அப்புறம் அம்மா. இதோ அவர். "விளையாடாதே, ஏறு" என்று ஒன்று. பார்த்தீர்களா, நான் சொல்லவில்லை? அடுத்து, "ஏறிட்டியா." அடுத்து, "போனை ஏன் ஆஃப் பண்ணின." அப்புறம் மிஸ்டு கால் பத்துப் பன்னிரண்டு. அப்புறம் இது. இருங்கள், வாசிக்கிறேன்.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன். சாயங்கால பிளைட்டில சீட் கிடைச்சிருக்கு. சிகாகோ தோஹா பதினோராயிரத்து ஐநூறு கிலோமீட்டர். பாப்பாவோட அந்த இடத்தை விட்டு நகராதே. ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன். செக்யூரிட்டி தாண்டி உள்ள உட்கார்ந்திருக்கேன்."

சாயங்கால விமானத்துக்கு மத்தியானமே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எந்த ஏர்போர்ட் அக்கா? இதுவா? சிகாகோவில் தோஹா விமானம் வேறு எங்காவது நிற்குமா? இதே கட்டடம்தானா? அப்படியென்றால் இப்போது தலைக்கு மேலேயோ சுவருக்கு அந்தப் பக்கமோ உட்கார்ந்து பதினோராயிரம் கிலோமீட்டரை நினைத்துக்கொண்டிருக்கிறாரா?

நான் சிரிக்கவில்லை. இது இருமல்.

போடுகிறேன், பதில் போடுகிறேன். என்ன அவசரம்? நான் இரண்டு ராத்திரி படுத்துக் கிடந்தேன், அவர் ஒரு மணி நேரம் உட்காரட்டும். சாயங்காலம்தானே அவர் விமானம். நாம் இறங்கி, வரிசையில் நின்று, முத்திரை குத்தி, நிதானமாக. இல்லை, முறைக்காதீர்கள். அவர் ஏறிவிட்டால் என்ன செய்வது என்கிறீர்களா. ஏறுவார். கணக்குத் தப்பினாலும் சொன்னால் சொன்னபடி ஏறுவார், அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்.

சரி, நீங்களே தட்டுங்கள். எனக்குக் கை இல்லை, இவளைப் பிடித்திருக்கிறேன் அல்லவா. "நாங்க இறங்கிட்டோம். வெளியே வாங்க." அவ்வளவு போதும். எந்த ஊரில் இறங்கினோம் என்று போடவேண்டாம், யோசிக்கட்டும். போடச் சொல்கிறீர்களா. சரி, போடுங்கள்.

பார்த்துவிட்டாரா? அதற்குள்ளா?

அடிக்கிறது. அவர்தான். இல்லை அக்கா, நீங்கள் எடுங்கள். நான் பேசினால் அழுகை வந்துவிடும், பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார். எடுத்து, ரொம்பக் கோபமாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.